ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கடை

பெய்ரூட்டில் லெபனான் உணவை எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது?

லெபனான் சாப்பாடு என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஷவர்மா. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஹம்மூஸ், தபூலே, ஃபலாஃபெல் என்று இன்னும் நாலைந்து பெயர்களைச் சொல்வார்கள். துபாயிலோ தோஹாவிலோ ஒரே உணவகத்தின் மெனு அட்டையில் இவை எல்லாம் வரிசையாக இருக்கும். எந்த நேரத்தில் போனாலும் கிடைக்கும்.

பெய்ரூட் அப்படி இல்லை. அங்கே காலை ரொட்டிக்கு ஒரு கடை, கொண்டைக்கடலைக்கு ஒரு கடை, வீட்டுச் சமையலுக்கு ஒரு கடை, ஐஸ்கிரீமுக்கு ஒரு கடை. காலையில் தெருவையே மணக்கவைக்கிற கடை மதியத்துக்குப் பிறகு ஷட்டரை இறக்கியிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் களைகட்டுகிற உணவகத்தில் ஆறரை மணிக்குப் போய் உட்கார்ந்தால் காலி நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபத்தே என்ற காலையுணவை ராத்திரியில் தேடுவது, நம்மூர் மெஸ்ஸில் மாலை ஐந்து மணிக்கு முழுச் சாப்பாடு கேட்பதைப் போன்றது.

இந்தக் கணக்கு தெரியாதவர்கள் ஒரு பெரிய உணவகத்தைப் பிடித்து, மேசை நிறையத் தட்டுகளை வரவழைத்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அது லெபனான் சமையலில் ஒரு பாதிதான். மறுபாதி தெருமுனை அடுப்பிலும், பத்துப் பேர் உட்காரக்கூடிய சின்னக் கடைகளிலும் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழு நாளுக்குமான வழிகாட்டி. எந்த நேரத்தில் எந்தக் கடை என்ற வரிசையிலேயே போவோம்.

ஊரின் அமைப்பு

பெய்ரூட் சிறிய நகரம்தான். மத்தியதரைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை, பின்னால் மலை. மேற்கே ஹம்ரா, கிழக்கே அஷ்ரஃபியே, அதன் வடக்குச் சரிவில் ஜெம்மைஸே, மார் மிகாயேல் தெருக்கள். ஆற்றைத் தாண்டினால் ஆர்மீனியர்கள் வாழும் பூர்ஜ் ஹம்மூத். 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ‘பச்சைக் கோடு’ என்று அழைக்கப்பட்ட எல்லை நகரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிளந்தது. இன்று அந்தக் கோட்டைச் சாதாரணமாகக் கடந்து போகலாம். ‘சர்வீஸ்’ எனப்படும் பங்கு டாக்ஸியில் ஏறினால் சாப்பாட்டுக்காக ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போவது பெரிய காரியமில்லை.

காலை 7 மணி: தெருமுனை அடுப்பு

பெய்ரூட்டில் பல தெருக்களில் ‘ஃபுர்ன்’ எனப்படும் அடுப்புக்கடை ஒன்று இருக்கும். அங்கே கேட்க வேண்டியது மனூஷே. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பண்பாட்டுப் பட்டியலில் இந்த ரொட்டியைச் செய்யும் வழக்கத்தைச் சேர்த்தது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு இது அன்றாடக் காலைப் பலகாரம். பள்ளிக்குப் போகிற பிள்ளையும் வங்கிக்குப் போகிற அதிகாரியும் ஒரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. கடைக்காரர் புளித்த மாவை வட்டமாக விரித்து, விரல் நுனிகளால் அழுத்தி அழுத்திக் குழி போடுகிறார். எண்ணெய் வழிந்தோடாமல் அந்தக் குழிகளில் தேங்கி நிற்பதற்காகத்தான் இந்த அழுத்தல். மேலே ஸாத்தர் விழுது. மலைச்சரிவில் வளரும் காட்டுத் தைம் இலையைக் காயவைத்துப் பொடித்து, புளிப்புக்குச் சுமாக் தூளும் வறுத்த எள்ளும் சேர்த்து, ஆலிவ் எண்ணெயில் குழைத்தது அது. நீண்ட மரத்துடுப்பில் ஏற்றி அடுப்புக்குள் தள்ளினால் சில நிமிடங்களில் ஓரம் பொன்னிறமாகி வெளியே வருகிறது. உள்ளே தக்காளி, வெள்ளரி, புதினா, ஆலிவ் காய் வைத்து மடித்து, காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். நடந்துகொண்டே சாப்பிட வேண்டியதுதான்.

முன்பெல்லாம் வீட்டுப் பெண்கள் தாங்கள் கலந்த ஸாத்தரைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்து, கடைக்காரரிடம் மாவுக்கும் அடுப்புக்கும் மட்டும் காசு கொடுப்பது வழக்கம். இன்னும் சில பேட்டைகளில் அது நடக்கிறது. ஸாத்தர் வேண்டாதவர்களுக்கு அக்காவி பாலாடைக்கட்டி போட்ட மனூஷே உண்டு. தயிரையும் உடைத்த கோதுமையையும் புளிக்கவைத்துக் காயப்போட்டுப் பொடித்த கிஷ்க் தடவியதும் உண்டு. முதல் தடவை போகிறவர் ஸாத்தரில் தொடங்குவதே சரி. எந்தக் கடை என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், காலையில் ஆள் நிற்கிற அடுப்புக்கடை எதுவோ அதுதான் நல்ல கடை.

காலை 9 மணி: கொண்டைக்கடலையின் நேரம்

நிதானமாக உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தால் காலையுணவுக்கு ஃபூல் கடைக்குப் போக வேண்டும். மேற்கு பெய்ரூட்டில் அல் ஸூஸி என்ற சின்னக் கடை இதற்குப் பேர்போனது. இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலையும், ஃபூல் என்னும் பெரிய மொச்சையும் பெரிய பாத்திரங்களில் குழைய வெந்துகொண்டிருக்கும். பூண்டு, எலுமிச்சை, சீரகம், ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் சுடச்சுடக் கிண்ணத்தில் தருவார்கள்.

அங்கே விட்டுவிடக் கூடாதது ஃபத்தே. கிண்ணத்தின் அடியில் மொறுமொறுப்பாகச் சுட்ட ரொட்டித் துண்டுகள். அதன்மேல் சூடான கொண்டைக்கடலை. அதன்மேல் பூண்டும் தஹினி என்ற எள் விழுதும் கலந்த கெட்டித் தயிர். கடைசியாக ஒரு கரண்டி நெய்யில் பைன் கொட்டையைப் பொன்னிறமாக வறுத்து, கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்றுவார்கள். தயிரில் நெய் சுர்ரென்று இறங்கும். அந்தக் கணமே கரண்டியை எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் ரொட்டி ஊறிக் கூழாகிவிடும்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் அவர்மா போட்ட முட்டை கேட்கலாம். ஆட்டிறைச்சியைப் பொடியாக நறுக்கி, உப்பிட்டு, அதன் கொழுப்பிலேயே வதக்கி ஜாடியில் அடைத்து வைப்பதுதான் அவர்மா. பனிக்காலத்தில் மலைக்கிராமங்களுக்கு வழி அடைபட்டுப் போகும். குளிர்பெட்டி இல்லாத நாளில் குடும்பங்கள் அந்தப் பருவத்தைத் தாண்டியது இதை வைத்துத்தான்.

மதியம்: வீட்டுச் சமையல் கிடைக்கும் இடம்

லெபனான் வீடுகளில் தினமும் சமைப்பது ஹம்மூஸும் கபாபும் இல்லை. சோறும் குழம்பு மாதிரியான கூட்டும்தான். சணல் கீரையைக் கோழியோடு வேகவைத்த முலூகியே, பிஞ்சுச் சுரைக்காய் வகையைக் குடைந்து அரிசியும் இறைச்சியும் அடைத்த கூஸா, உடைத்த கோதுமையும் இறைச்சியும் சேர்த்துப் பிசைந்து தயிரில் வேகவைத்த கிப்பே உருண்டை, மீனும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த ஸயாதியே சோறு. பெரிய உணவகங்களின் மெனுவில் இவற்றுக்கு இடம் குறைவு. இவற்றைத் தேடிப் போக வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, ஜெம்மைஸேயில் உள்ள லு ஷெஃப். 1967-இல் தொடங்கியது. சின்ன அறை, சாதாரண மேசைகள், ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு சமையல். அமெரிக்கச் சமையல் கலைஞரும் எழுத்தாளருமான ஆந்தனி போர்டெய்ன் விரும்பிச் சாப்பிட்ட கடை. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி துறைமுக வெடிவிபத்தில் அது நொறுங்கிப்போனது. மீண்டும் கட்ட நிதி திரட்டியபோது, நடிகர் ரஸ்ஸல் க்ரோ மறைந்த போர்டெய்னின் பெயரால் 5,000 டாலர் கொடுத்தார். கடை மீண்டும் திறந்தது. அதே தெரு, அதே எளிமை.

இன்னொன்று, மார் மிகாயேலில் உள்ள தவ்லெத். கமால் முஸவாக் என்பவர் 2004-இல் ஸூக் எல் தய்யிப் என்ற உழவர் சந்தையைத் தொடங்கினார். போரில் ஒருவரையொருவர் பார்க்காமல் போன ஊர்களின் விவசாயிகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது அவர் எண்ணம். அதன் தொடர்ச்சிதான் 2009-இல் வந்த தவ்லெத். இங்கே நிரந்தரத் தலைமைச் சமையல்காரர் என்று ஒருவரை வைக்கவில்லை. தெற்கிலிருந்து ஒருவர், பெக்கா சமவெளியிலிருந்து ஒருவர், வடக்கே அக்காரிலிருந்து ஒருவர் என ஊர்ப்பெண்கள் முறைவைத்து வந்து தங்கள் வீட்டுச் சமையலைச் சமைக்கிறார்கள். ஒரே நாட்டில் கிப்பே எத்தனை வகை என்பது இங்கேதான் தெரியும். வடக்கே ஸ்கர்த்தாவில் உள்ளே கொழுப்பு வைத்துச் சுட்ட பெரிய உருண்டை. தெற்கே சீரகமும் மூலிகைகளும் தூக்கலாகச் சேர்த்துப் பிசைந்தது. கடற்கரையில் மீனில் செய்தது. தவக்காலத்தில் பரங்கிக்காயில் செய்தது. தவ்லெத்தில் விலை சாதாரணக் கடைகளைவிடக் கூடுதல்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு நாட்டின் வரைபடத்தையே தட்டில் பார்த்துவிடலாம். சனிக்கிழமை போனால் உழவர் சந்தையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சைவர்களுக்கு ஒரு நற்செய்தி

கறி இல்லாமல் பெய்ரூட்டில் என்ன சாப்பிடுவது என்று கவலைப்படுகிறவர்கள் ‘பி ஸேய்த்’ என்று முடியும் பெயர்களைத் தேட வேண்டும். ஆலிவ் எண்ணெயில் சமைத்து, ஆறவைத்துச் சாப்பிடும் பதார்த்தங்கள் இவை. தக்காளியோடு வெந்த பச்சை பீன்ஸ், வெண்டைக்காய், ஹிந்த்பே என்னும் கசப்புக் கீரையின்மேல் கருகக் கருக வறுத்த வெங்காயம், அரிசி அடைத்த திராட்சை இலைச் சுருள். கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் தவக்காலத்தில் இறைச்சியும் பாலும் தவிர்க்கும் வழக்கம் இவற்றை வளர்த்தது. இன்று எல்லா மதத்தவர் வீட்டிலும் இவை உண்டு. பருப்பும் அரிசியும் சேர்ந்த முஜத்தரா ஏழைகளின் சாப்பாடு என்று பெயர் வாங்கியது. மேலே வறுத்த வெங்காயம், பக்கத்தில் முட்டைக்கோஸ் சாலட் வைத்துச் சாப்பிட்டால் வேறெதுவும் கேட்கத் தோன்றாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். திராட்சை இலைச் சுருளில் இறைச்சி அடைத்த வகையும் உண்டு. ஹம்மூஸ் மேல் கறித் துண்டு தூவித் தருவதும் உண்டு. சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம். ‘பிலா லஹ்ம்’, கறி இல்லாமல், என்று ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

மாலை: நின்றுகொண்டே சாப்பிடும் கடைகள்

ஹம்ரா பக்கம் பார்பர் என்ற பெயரைச் சொன்னால் வழி காட்டாதவர் இல்லை. 1979-இல், உள்நாட்டுப் போரின் நடுவே தொடங்கிய கடை. இப்போது ஒரு தெருமுனையையே பிடித்துக்கொண்டு, ரொட்டிக்கு ஒரு வாசல், ஷவர்மாவுக்கு ஒரு வாசல், ஃபலாஃபெலுக்கு ஒரு வாசல், பழச்சாறுக்கு ஒரு வாசல் என்று பரந்து நிற்கிறது. நள்ளிரவிலும் கூட்டம் குறைவதில்லை.

ஷவர்மாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோழி ஷவர்மாவுக்குத் தூம் என்ற வெள்ளைப் பூண்டு விழுது. ஆடு, மாட்டிறைச்சி ஷவர்மாவுக்குத் தரட்டோர் என்ற தஹினி எலுமிச்சைக் கலவை. இரண்டும் இடம் மாறாது. தூம் என்பது பூண்டையும் உப்பையும் இடித்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, எலுமிச்சை சேர்த்து வெண்ணெய் போல நுரைக்கவைப்பது. மயோனைஸ் கலக்காத தூம் நாக்கில் சுள்ளென்று ஏறும். கடை நல்ல கடையா என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு துளி போதும். பிறகு பாருங்கள்: கம்பியில் சுழலும் இறைச்சி அடுக்கப்பட்ட துண்டுகளாகத் தெரிய வேண்டும். அரைத்து உருட்டிய ஒரே பிண்டமாக இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

ஃபலாஃபெலுக்கு டமாஸ்கஸ் சாலையில் உள்ள ஸஹ்யூன். 1933-இல் தொடங்கிய கடை. உள்நாட்டுப் போரில் பச்சைக் கோடு இந்தச் சாலை வழியாகத்தான் போனது. போர் முடிந்த பிறகு கடை மீண்டும் எழுந்தது. பின்னர் சகோதரர்கள் பிரிந்து, ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடைகள் ஆயின. எது உசத்தி என்று ஊரே இரண்டு கட்சி. நமக்கு அந்த வழக்கு வேண்டாம்; இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிச் சாப்பிட்டுவிடலாம். எண்ணெயிலிருந்து எடுத்த உருண்டைகளை ரொட்டியில் வைத்து நசுக்கி, பார்ஸ்லி, புதினா, முள்ளங்கி, தக்காளி சேர்த்து, தரட்டோர் ஊற்றிச் சுருட்டித் தருவார்கள். உள்ளே பச்சை நிறமும் வெளியே மொறுமொறுப்பும் சேர்ந்திருக்க வேண்டும். பீட்ரூட் சாற்றில் ஊறி இளஞ்சிவப்பாக இருக்கும் டர்னிப் ஊறுகாயைக் கூடக் கேட்டு வாங்குங்கள்.

இரவு 9 மணிக்கு மேல்: மெஸ்ஸே மேசை

இப்போது அந்தப் பெரிய மேசைக்கு வரலாம். பல சின்னத் தட்டுகளாக வரும் மெஸ்ஸே தனியாகப் போய்ச் சாப்பிடுகிற விஷயம் இல்லை. நாலு பேராவது வேண்டும். மூன்று மணி நேரமாவது வேண்டும். அஷ்ரஃபியேயில் அப்த் எல் வஹாப் பழைய வீட்டு அமைப்பில் இயங்கும் நிதானமான இடம். அதே பகுதியில் 2011-இல் மிரேய் ஹாயெக் தொடங்கிய எம் ஷெரீஃப் செலவு கூடுதலான இடம். அங்கே மெனு அட்டை கையில் வராது. அன்றைய பதார்த்தங்கள் அத்தனையும் அவர்களே வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். மதியம் பட்டினி போட்டுவிட்டுப் போகலாம்.

மேசைக்கு வருவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் முழுசாக வைத்த பச்சைக் காய்கறித் தட்டு, ஆலிவ், ரொட்டி. பிறகு குளிர்ந்த தட்டுகள்: கொண்டைக்கடலை விழுதான ஹம்மூஸ், சுட்ட கத்தரிக்காயும் தஹினியும் மசித்த முத்தபல், வடிகட்டிய தயிரான லப்னே, தபூலே, ஃபத்தூஷ். அதற்குப் பின் சூடானவை: பொரித்த கிப்பே, பாலாடைக்கட்டிச் சுருள், மாதுளைப் பாகில் புரட்டிய சின்னத் தொத்திறைச்சி, பூண்டும் மல்லித்தழையும் சேர்த்த காரமான உருளைக்கிழங்கு. இவை முடிந்த பிறகே கரியில் சுட்ட இறைச்சி. கடைசியில் பழத்தட்டு. முதல் இரண்டு சுற்றிலேயே வயிறு நிறைந்துவிடும் என்பதால், நாலு பேருக்கு எட்டு முதல் பத்துத் தட்டு போதும். சுட்ட இறைச்சியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

எந்த உணவகத்தையும் எடைபோட இரண்டு தட்டு போதும்.

ஒன்று தபூலே. வெளிநாடுகளில் இதைக் கோதுமை ரவைச் சாலட்டாக ஆக்கிவிட்டார்கள். பெய்ரூட்டில் அது பச்சைப் பசேல் என்று இருக்கும். நுணுக்கமாக அரிந்த பார்ஸ்லிதான் உடல். புல்குர் கோதுமை அங்கங்கே தட்டுப்படும். கழுவிய தழை முழுக்க உலர்ந்த பிறகே கத்தி வைக்க வேண்டும். கத்தி கூர்மையாக, ஒரே இழுப்பில் அரிய வேண்டும். மழுங்கிய கத்தியாலோ மிக்ஸியிலோ நசுக்கினால் தழை கறுத்து, தண்ணீர் விட்டு, தட்டின் அடியில் குளம் கட்டிவிடும். அடியில் தண்ணீர் நிற்காத தபூலே வந்தால் அந்தச் சமையலறையை நம்பலாம்.

இன்னொன்று ஃபத்தூஷ். பொரித்த ரொட்டித் துண்டு, சுமாக், மாதுளைப் பாகு, காய்கறி. அதில் பக்லே என்று ஒரு சதைப்பற்றான இலை போடுவார்கள். அது நம் ஊர் பருப்புக்கீரைதான். பருவத்தில் அந்தக் கீரையைப் போட மெனக்கெடுகிற கடை, மற்றதிலும் மெனக்கெடுகிற கடை.

ஹம்மூஸைப் பற்றி ஒரு வார்த்தை. அது யாருடையது என்று லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் நீண்ட நாள் சண்டை. 2010 மே மாதம் லெபனான் சமையல்காரர்கள் 10,452 கிலோ ஹம்மூஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர். அந்த எண்ணையே எடையாக வைத்தார்கள். தங்கள் நாட்டின் மீது எவ்வளவு பிடிப்பு இருந்தால் இப்படி ஒரு கணக்குப் போடத் தோன்றும்!

கிப்பே நய்யே என்ற பச்சை இறைச்சி விழுதும் மெஸ்ஸேயில் மரியாதைக்குரிய இடம் பெறுவது. கொழுப்பில்லாத ஆட்டிறைச்சியைக் கல்லுரலில் இடித்து, புல்குரோடு பிசைந்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். அன்று அறுத்த இறைச்சியாக இருந்தால் மட்டுமே நல்ல கடைகள் பரிமாறும். கர்ப்பிணிகளும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களும் தவிர்த்துவிடலாம். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த மேசையின் துணை அரக். சோம்பு மணக்கும் இந்தச் சாராயத்தில் தண்ணீர் சேர்த்தால் பால் போல வெளுக்கும். தண்ணீருக்குப் பிறகுதான் ஐஸ். ஒவ்வொரு முறையும் புதுக் குவளை. குடிக்காதவர்கள் பைன் கொட்டை மிதக்கும் ஜல்லாப் பானம் கேட்கலாம்.

ஆற்றுக்கு அப்பால்: ஆர்மீனியச் சமையல்

1915-இல் தொடங்கிய இனப்படுகொலையிலிருந்து தப்பி வந்த ஆர்மீனியர்களின் அகதி முகாமாக உருவான ஊர் பூர்ஜ் ஹம்மூத். இன்று நெருக்கமான கடைத்தெரு. தகரக் கூடாரத்தில் வாழத் தொடங்கியவர்களின் சமையல், நூறு ஆண்டுகளில் பெய்ரூட் சமையலின் பிரிக்க முடியாத பகுதியாகிவிட்டது. வெந்தயமும் பூண்டும் மிளகாயும் பூசிக் காயவைத்த மாட்டிறைச்சியான பஸ்துர்மாவுக்கு மானோ, பெதோ ஆகிய கடைகள். ஊறுகாயும் தக்காளியும் வைத்து ரொட்டியில் சுருட்டித் தருவார்கள். காகிதம் போல மெல்லிய ரொட்டியில் அரைத்த கறி தடவிய லஹ்மஜூனை எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். மேசையில் உட்கார்ந்து சாப்பிட, அங்கேயே ஓன்னோ என்ற சிறிய உணவகம் இருக்கிறது. ஜெம்மைஸேயில் 2003-இல் தொடங்கிய மைரிக் இருக்கிறது. புளிப்புச் செர்ரிப்பழக் குழம்பில் மிதக்கும் கபாபை இரண்டு இடத்திலும் கேளுங்கள். புளிப்பும் கறியும் சேர்ந்த சுவை நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

இனிப்பு: காலையிலும் உண்டு

க்னாஃபே என்ற பாலாடைக்கட்டி இனிப்பை லெபனான்காரர்கள் காலையிலேயே சாப்பிடுகிறார்கள். சூடாக இழுபடும் பாலாடைக்கட்டியின்மேல் ரவை போன்ற மெல்லிய மொறுமொறுப்பு. அதை எள் தூவிய காக் ரொட்டிக்குள் வைத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார்கள். இதன் தலைமையிடம் வடக்கே திரிப்போலி நகரம். அங்கே 1881 முதல் இயங்கும் ஹல்லாப் மாளிகை இனிப்புக்கென்றே ஒரு யாத்திரைத் தலம். பெய்ரூட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

நகருக்குள் அஷ்ரஃபியேயில் 1949 முதல் பெயர் பெற்ற ஹன்னா மித்ரி ஐஸ்கிரீம் கடை. ரோஜா, பாதாம், எலுமிச்சை, பாதாமி என்று பழைய சுவைகள் மட்டும். பாலேட்டில் செய்த அஷ்தா ஐஸ்கிரீமில் மஸ்திகா பிசின் சேர்ப்பதால் கரண்டியோடு லேசாக இழுபடும்.

கடைசியில் காபி குடித்தால் தூக்கம் போய்விடும் என்பவர்களுக்கு ‘வெள்ளைக் காபி’ உண்டு. அதில் காபி கிடையாது. வெந்நீரில் ஆரஞ்சுப் பூ நீர் சில சொட்டு. கனத்த விருந்துக்குப் பின் அதைவிட இதமானது வேறில்லை.

மெஸ்ஸே பிடித்துப்போய், ஒரு முழு நாளும் கைவசம் இருந்தால் மலையைத் தாண்டி ஸஹ்லே நகருக்குப் போகலாம். பெர்தவ்னி ஆற்றங்கரையில் மர நிழலில் வரிசையாக உணவகங்கள். மெஸ்ஸே வழக்கம் செழித்து வளர்ந்த இடம் என்று ஸஹ்லேக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

இந்தச் சமையலின் பின்னால் இருப்பவர்கள்

சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இந்த ஊரைக் கடந்து போவது நியாயம் ஆகாது. 2019 இறுதியில் லெபனான் பொருளாதாரம் சரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு டாலருக்கு 1,507.5 லிரா என்று நிலைத்திருந்த நாணயம், பின்னர் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 89,500 லிரா வரை வீழ்ந்தது. வங்கியில் போட்ட பணத்தை எடுக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள். அடுத்த ஆண்டே துறைமுக வெடிப்பு. முறையின்றிக் கிடங்கில் வைத்திருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாட்டின் பெரிய தானியக் கிடங்கு தகர்ந்தது. இறக்குமதிக் கோதுமையை நம்பியிருந்த நாட்டில் அதன் பிறகு ரொட்டிக்கு வரிசை நிற்க நேர்ந்தது. 2024-இல் மீண்டும் போர். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு இந்தக் கடைகள் மறுபடி மறுபடி திறந்திருக்கின்றன. வெடிப்புக்குப் பின் தவ்லெத் குழு பொதுச் சமையலறை அமைத்து, வீடிழந்தவர்களுக்கு இலவசமாகச் சமைத்துப் போட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. பல பத்தாண்டுகளாக இலங்கைப் பெண்கள் லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ், வங்கதேசப் பெண்களும் அப்படியே. பல வீடுகளில் பார்ஸ்லி அரிவதும் சுரைக்காய் குடைவதும் திராட்சை இலை சுருட்டுவதும் அவர்கள் கைகள்தான். கஃபாலா என்ற பொறுப்பாளர் முறையில் அவர்களுடைய விசா முதலாளியின் பிடியில் இருக்கிறது. சம்பளப் பாக்கியும் பாஸ்போர்ட் பறிப்பும் குறித்து மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்து வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில், விடுப்புக் கிடைத்தவர்கள் பூர்ஜ் ஹம்மூத்தை ஒட்டிய தோரா பகுதியில் கூடுகிறார்கள். அவர்களை நம்பி நடக்கும் சின்னச் சின்ன மளிகைக் கடைகளும் சோற்றுக் கடைகளும் அங்கே உண்டு. பெய்ரூட்டின் உணவு வரைபடத்தில் தோராவையும் குறிக்காமல் விடுவது, சமைத்தவரை விட்டுவிட்டுச் சமையலை மட்டும் புகழ்வது ஆகிவிடும். ஒரு ஞாயிறு மதியத்தை அங்கே செலவிடுங்கள்.

போவதற்கு முன்

பயணத்துக்கு முன் நம் வெளியுறவுத் துறையின் அறிவுரையைப் பார்த்துவிடுவது கட்டாயம். எல்லையோரப் பகுதிகள் வேண்டாம். கையில் டாலர் ரொக்கம் வைத்திருங்கள், சிறிய நோட்டுகளாக. பல உணவகங்கள் டாலரிலேயே விலை போட்டிருக்கின்றன. அட்டை எல்லாக் கடையிலும் செல்லாது. ரமலான் மாதத்தில் மேற்குப் பகுதிக் காலைக் கடைகளின் நேரம் மாறும். கடைகளின் நிலைமையும் அடிக்கடி மாறுவதால், போகிற அன்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரே உணவகத்தில் எல்லாவற்றையும் சாப்பிட்டால் பணம் ஒரே கல்லாவில் விழும். வேளைக்கொரு கடை என்று போனால் அது அடுப்புக்காரருக்கும் ஃபூல் கடைக்காரருக்கும் தவ்லெத்தில் சமைக்கிற கிராமத்துப் பெண்ணுக்கும் தோராவின் சோற்றுக் கடைக்கும் பிரிந்து போகும். நாணயம் சரிந்து, வீடு நொறுங்கி, போர் வந்து போன ஊரில் இந்தச் சிறிய கடைகள் நிலைப்பது அப்படி வருகிற வாடிக்கையாளர்களால்தான். சுவையும் நியாயமும் ஒரே வழியில் போகிற ஊர் இது. ஆகவே பெய்ரூட்டில் அறை பதிவு செய்யும்போதே, ஹோட்டலின் காலை உணவு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.